பி.பி. கொஞ்சம் கூடினால் சிறுநீரகம் கெட்டுவிடுமா?

ரத்த அழுத்தம் 134/86 என்று காட்டியதும் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். "இதெல்லாம் ஒரு பிரஷரா, வயதானால் எல்லோருக்கும் இப்படித்தான்" என்பது ஒன்று. "பிரஷர் வந்துவிட்டதா, அடுத்தது கிட்னிதான்" என்பது இன்னொன்று. போதாக்குறைக்கு, "மாத்திரையை ஆரம்பித்தால்தான் கிட்னி கெடும்" என்று மூன்றாவதாக ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். முதல் பேச்சை நம்பியவர் பரிசோதனைக்கே போவதில்லை. இரண்டாவதை நம்பியவர் தூக்கத்தைத் தொலைக்கிறார். மூன்றாவதை நம்பியவர் எடுத்துக்கொண்டிருந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார். இந்த மூவரில் அதிகம் இழப்பவர் மூன்றாமவர்தான்.

லேசாகக் கூடிய ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் அந்தத் தொடர்பு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். சில நேரம் காரணமும் விளைவும் இடம் மாறியும் நிற்கும். ஏன் என்று புரிய வேண்டுமானால் சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

## எந்த அளவைக் கொஞ்சம் கூடுதல் என்கிறோம்?

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தமனியின் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்திருக்கும்போது மிஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் எண். இரண்டுக்கும் அலகு மில்லிமீட்டர் பாதரசம்.

120/80க்குக் கீழே இருந்தால் நல்லது என்பதில் மருத்துவ உலகில் பெரிய சண்டை இல்லை. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90க்குக் குறையவில்லை என்றால் அது உயர் ரத்த அழுத்தம் என்பதிலும் இல்லை. குழப்பமெல்லாம் நடுவில்தான். 2003இல் வந்த அமெரிக்க வழிகாட்டி, 120-139 மேல் எண்ணையும் 80-89 கீழ் எண்ணையும் உயர் ரத்த அழுத்தத்துக்கு முந்தைய நிலை என்று வகைப்படுத்தியது. 2017இல் அங்குள்ள இதயநோய் அமைப்புகள் நோய் என்பதற்கான கோட்டையே 130/80க்கு இறக்கின. ஐரோப்பிய வழிகாட்டிகள் 140/90ஐ விட்டு நகரவில்லை. அதனால் 134/86 உள்ள ஒருவர் ஒரு வழிகாட்டியின்படி நோயாளி, இன்னொன்றின்படி நோயாளி இல்லை. இங்கே நாம் பேசப்போவது இந்த நடுப்பகுதியைப் பற்றித்தான்.

அதற்கு முன், அந்த எண் நம்பத்தக்கதா என்று பார்ப்பது அவசியம். படியேறி வந்த மூச்சோடு, பேசிக்கொண்டே, கையைத் தொங்கவிட்டபடி அளந்தால் பத்துப் புள்ளி கூடுவது சாதாரணம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை இதயத்தின் மட்டத்தில் தாங்கலாக வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். கையில் சுற்றும் பட்டை கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். சிறிய பட்டை பொய்யாகக் கூட்டிக் காட்டும். மருத்துவரைப் பார்த்ததும் அழுத்தம் ஏறுகிறவர்கள் உண்டு. அங்கே இயல்பாக இருந்து வீட்டில் கூடுகிறவர்களும் உண்டு. ஆகவே சில நாட்கள் வீட்டில் அளந்து சராசரி பார்ப்பது மிகவும் உதவும். வீட்டு அளவில் 135/85 என்பது மருத்துவமனை அளவில் 140/90க்குச் சமமாகக் கருதப்படுகிறது.

## இரண்டு திருகுகளுக்கு நடுவே ஒரு துளைக்குழாய்

செடிகளுக்குச் சொட்டுநீர் விடும் ரப்பர் குழாய் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் நீளம் முழுக்க ஊசிமுனைத் துளைகள். குழாயின் தொடக்கத்தில் ஒரு திருகு, முடிவில் இன்னொரு திருகு. முன் திருகைத் திறந்துவிட்டுப் பின் திருகை இறுக்கினால் குழாய் விம்மும். துளைகளில் நீர் வேகமாகப் பீறிடும். முன் திருகை இறுக்கினால், வெளியே எவ்வளவு அழுத்தத்தில் தண்ணீர் வந்தாலும் குழாய்க்குள் அது தெரியாது. நீர் எவ்வளவு வடிகிறது, துளைகள் எவ்வளவு நாள் தாங்கும் என்பதை இந்த இரண்டு திருகுகளும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. அந்த அலகுக்கு நெஃப்ரான் என்று பெயர். ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கும் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. உண்மையில் இந்த எண்ணிக்கை ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடும். ஒவ்வொரு நெஃப்ரானின் தொடக்கத்திலும் மெல்லிய ரத்த நுண்குழாய்கள் சுருண்டு ஒரு முடிச்சாகக் கிடக்கின்றன. இந்த முடிச்சுதான் குளோமெருலஸ், அதாவது நம் துளைக்குழாய். இதற்குள் ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு தமனி முன் திருகு. வெளியே கொண்டுபோகும் சிறு தமனி பின் திருகு.

உடலின் மற்ற இடங்களில் நுண்குழாய்க்கு முன்னால் தமனி, பின்னால் சிரை என்றுதான் இருக்கும். சிறுநீரக முடிச்சுக்கு மட்டும் இரு பக்கமும் தமனி. அதனால் முடிச்சுக்குள் அழுத்தம் 50-60 வரை இருக்கும்; மற்ற நுண்குழாய்களில் இதில் பாதிகூட இருப்பது அரிது. இந்த அழுத்தம் இருப்பதால்தான் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் வடிகிறது. அதில் 99 சதவீதத்தை உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ள, மிச்சம் ஒன்றரை லிட்டர் போலச் சிறுநீராக வெளியேறுகிறது. அழுத்தம் சிறுநீரகத்துக்கு எதிரி என்று மட்டும் நினைப்பது தவறு. அது இல்லாவிட்டால் வடிகட்டலே நடக்காது. அளவுக்கு மேல் போய் முடிச்சைத் தொடும் அழுத்தம்தான் தொல்லை.

## ஏறும் அழுத்தம் எல்லாம் உள்ளே போவதில்லை

ஓடும்போதும் கோபப்படும்போதும் நம் ரத்த அழுத்தம் கிடுகிடுவென ஏறுகிறது. அதெல்லாம் அப்படியே முடிச்சுக்குள் போனால் மெல்லிய சுவர்கள் சில வருடம்கூடத் தாங்காது. அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வது முன் திருகு. அழுத்தம் ஏறியதும் அந்தத் தமனியின் தசை தானாகவே சுருங்குகிறது. இறங்கினால் தளர்கிறது. மூளையின் கட்டளைக்குக் காத்திருப்பதில்லை. இதைத் தன்னியக்கக் கட்டுப்பாடு என்கிறார்கள்.

இது வேலை செய்யும் எல்லை நாம் நினைப்பதைவிட அகலமானது. மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் சேர்த்து ஒரு சராசரி அழுத்தம் கணக்கிடுவார்கள். சிறுநீரகம் நல்ல நிலையில் இருந்தால் அந்தச் சராசரி ஏறத்தாழ 80இலிருந்து 180 வரை மாறினாலும் முடிச்சுக்குள் போகும் ரத்தம் பெரிதாக மாறுவதில்லை. 120/80 உள்ளவரின் சராசரி 93. 138/88 உள்ளவரின் சராசரி 105. இரண்டுமே அந்த எல்லையின் நடுவில் பத்திரமாக இருக்கின்றன.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்வோம். சிறுநீரகத்தின் வடிகட்டும் முடிச்சு அழுத்தத்தால் இயங்குகிறது. வெளியே அழுத்தம் லேசாக ஏறினால் முன் திருகு இறுகி முடிச்சைக் காக்கிறது. ஆகவே வேறு நோய் எதுவும் இல்லாத ஒருவருக்கு 134/86 வந்த மாத்திரத்தில் சிறுநீரகம் பாழாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள் இல்லை.

## வருடக்கணக்கில் நீடித்தால்

சரி, அப்படியானால் கவலையே வேண்டாமா? வேண்டும். ஏனென்றால் அந்தத் திருகும் உயிருள்ள தசைதான். பத்து, இருபது வருடம் ஓய்வில்லாமல் இறுகியே இருந்தால் அதன் சுவர் தடிக்கிறது, உள்வழி குறுகுகிறது. கண்ணாடி போன்ற ஒரு படிவு சுவரில் சேர்கிறது. சில முடிச்சுகளுக்கு ரத்தம் போதாமல் அவை சுருங்கித் தழும்பாகின்றன. வேறு சில இடங்களில் திருகு இறுகும் திறனையே இழக்கிறது. அங்கே அழுத்தம் நேராக முடிச்சைத் தாக்குகிறது.

ஒரு முடிச்சு செயலிழந்தால் அதன் வேலையை மற்றவை பகிர்ந்துகொள்ளும். கூடுதல் வேலை என்றால் கூடுதல் அழுத்தம். அதில் அவையும் ஒவ்வொன்றாகத் தேய்கின்றன. வயதோடு எல்லோருக்கும் கொஞ்சம் நடப்பதுதான் இது. கூடிய ரத்த அழுத்தம் அதை விரைவுபடுத்துகிறது. எவ்வளவு விரைவு என்பது எண் எவ்வளவு கூடுதல், எத்தனை வருடம், முன்பே என்ன பாதிப்பு இருந்தது என்பதைப் பொறுத்தது.

## திருகு ஏற்கெனவே தளர்ந்திருந்தால்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படிக்கச் சொல்வேன்.

சர்க்கரை நோய் முன் திருகைத் தளர்த்திவிடுகிறது. சர்க்கரை கூடுதலாக இருக்கும் காலத்தில் முடிச்சுக்குள் வரும் தமனி விரிந்தே கிடக்கும். வெளியே அழுத்தம் ஏறும்போது தடுக்க ஆள் இல்லை. ஏற்கெனவே சிறுநீரகம் பாதிக்கப்பட்டு நெஃப்ரான்கள் குறைந்துபோனவர்களிடமும் இதேதான் நடக்கிறது. மிச்சமிருக்கும் முடிச்சுகள் அதிக வேலை செய்வதற்காகத் தங்கள் முன் திருகைத் திறந்தே வைத்திருக்கின்றன.

ஆகவே ஒரே 134/86, இரண்டு பேரிடம் இரண்டு விதமாக வேலை செய்யும். வேறு நோய் இல்லாதவரிடம் அது திருகோடு நின்றுவிடுகிறது. சர்க்கரை நோய் உள்ளவரிடமோ சிறுநீரில் புரதம் போகிறவரிடமோ அது முடிச்சு வரை போகிறது. "பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே பிரஷர்தான், அவர் நன்றாகத்தானே இருக்கிறார்" என்ற ஒப்பீடு இந்த இடத்தில் ஆபத்தானது. எண்ணை மட்டும் வைத்து யாருக்கும் தைரியமும் சொல்ல முடியாது, பயமும் காட்ட முடியாது.

## கெட்ட சிறுநீரகமே அழுத்தத்தை ஏற்றும்

பொதுப் பேச்சில் அநேகமாக வராத பக்கம் இது. பி.பி. சிறுநீரகத்தைக் கெடுப்பது போலவே, சிறுநீரகமும் பி.பி.யைக் கூட்டும்.

உடலில் எவ்வளவு உப்பும் நீரும் தங்க வேண்டும் என்று முடிவு செய்வது சிறுநீரகம். அதன் திறன் குறைந்தால் உப்பு தேங்கும். உப்போடு நீர் தேங்கும். ரத்தத்தின் அளவு கூடி அழுத்தம் ஏறும். இன்னொரு வழியும் உண்டு. தனக்கு வரும் ரத்தம் குறைவதாக உணர்ந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். அதிலிருந்து தொடங்கும் சங்கிலியில் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் உருவாகிறது. அது உடல் முழுக்க ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. சிறுநீரகத்தில் குறிப்பாகப் பின் திருகை இறுக்குகிறது. பின் திருகு இறுகினால் துளைக்குழாய் விம்மும் என்று முன்பே பார்த்தோம்.

ரெனினை ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் பெர் பெர்க்மனும் 1898இல் கண்டறிந்தார்கள். பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1934இல் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியை இடுக்கியால் பாதி அடைத்துக் காட்டினார்; அவற்றின் ரத்த அழுத்தம் ஏறி அப்படியே நின்றது. சிறுநீரகம் தொடங்கிவைத்த உயர் ரத்த அழுத்தம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மனிதர்களில் இதற்கு ஒரு சுவையான குறிப்பு 2003இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. விபத்தில் இறந்தவர்களில் உயர் ரத்த அழுத்தம் இருந்த 10 பேரின் சிறுநீரகங்களையும் இல்லாத 10 பேரின் சிறுநீரகங்களையும் எடுத்து முடிச்சுகளை எண்ணினார்கள். அழுத்தம் இருந்தவர்களிடம் ஒரு சிறுநீரகத்துக்கு ஏறத்தாழ 7 லட்சம். இல்லாதவர்களிடம் 14 லட்சம். இருபதே பேர்தான், அதனால் இதை வைத்துப் பெரிய தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் கருவில் ஏறத்தாழ 36ஆம் வாரத்துக்குப் பின் நமக்குப் புதிய நெஃப்ரான்கள் உருவாவதே இல்லை என்பதோடு சேர்த்துப் பார்த்தால், சிலருக்குக் குறைவான நெஃப்ரான்களே முதலில் வந்து, அழுத்தம் அதன் விளைவாகப் பின்னால் வந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

இன்னொன்று: மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் ரத்த அழுத்தத்தால் வந்ததாகப் பல காலம் சொல்லப்பட்ட சிறுநீரக நோயில் கணிசமான பங்குக்கு ஏபிஓஎல்1 என்ற மரபணுவின் சில வடிவங்கள் காரணம் என்று 2010இல் தெரியவந்தது. "பிரஷரால் கிட்னி போச்சு" என்று சொல்லப்படும் எல்லாமே அப்படி ஆனவை அல்ல.

ஆக, லேசாகக் கூடிய பி.பி. ஒருவரிடம் வரப்போகும் சிறுநீரகத் தேய்வுக்குக் காரணமாகலாம். இன்னொருவரிடம் ஏற்கெனவே வந்துவிட்ட சிறுநீரக நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். நடைமுறையில் இரண்டும் ஒன்றையொன்று வளர்த்துவிடும். எந்தப் பக்கமிருந்து தொடங்கியது என்று பரிசோதனை இல்லாமல் சொல்ல முடியாது.

## இரண்டு மடங்கு என்றால் எத்தனை பேர்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய மருத்துவத் திட்டத்தில் இருந்த 3,16,675 பேரைச் சராசரியாக 25 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2005இல் வெளியானது. தொடக்கத்தில் அவர்களுக்குச் சிறுநீரக நோய்க்கான அடையாளம் இல்லை. 120/80க்குக் கீழே இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 120-129/80-84 பிரிவில் இருந்தவர்களுக்குச் சிறுநீரகம் முழுமையாகச் செயலிழக்கும் வாய்ப்பு 1.62 மடங்கு, 130-139/85-89 பிரிவில் 1.98 மடங்கு, 140-159/90-99 பிரிவில் 2.59 மடங்கு. ஒரு கோட்டைத் தாண்டியதும் திடீரென ஆபத்து தொடங்கவில்லை. படிப்படியாக ஏறுகிறது, ஏற்றம் இயல்பு என்று நாம் நினைக்கும் பகுதியிலேயே தொடங்கிவிடுகிறது.

இரண்டு மடங்கு என்றதும் பயம் வரும். மறு கணக்கையும் பாருங்கள். அத்தனை பேரில், எல்லா அளவு ரத்த அழுத்தமும் சேர்த்து, முழுச் செயலிழப்பு வரை போனவர்கள் 1,177 பேர். ஆயிரத்துக்கு நான்கு பேர்கூட இல்லை. மிகச் சிறிய ஒன்றின் இரண்டு மடங்கும் சிறியதுதான். அதே அளவு அழுத்தம் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிவகுப்பது இதைவிடப் பல மடங்கு பொதுவானது. லேசாகக் கூடிய பி.பி.யை நான் பொருட்படுத்தச் சொல்வது சிறுநீரகத்துக்காக மட்டும் அல்ல. இதயத்துக்காகவும் மூளைக்காகவும்தான் முதலில்.

## தெரிந்துகொள்வது எப்படி?

சிறுநீரக நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. முதுகுவலியோ சிறுநீரின் நிறமோ அதைச் சொல்லாது. இரண்டு எளிய பரிசோதனைகள் சொல்லும்.

ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பது முதலாவது. தசைகளிலிருந்து வரும் இந்தக் கழிவைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு: வடிகட்டும் திறன் பாதியளவு குறையும் வரை கிரியேட்டினின் இயல்பு எல்லைக்குள்ளேயே இருந்துவிடலாம். அதனால் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர் என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகிறது என்பதன் மதிப்பீடு அது. 60க்குக் கீழே 3 மாதம் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள்.

இரண்டாவது சிறுநீர்ப் பரிசோதனை. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். ஆல்புமின் என்பது ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம். முடிச்சின் சுவர் சேதமடைந்தால் அது சிறுநீரில் கசியும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்புமின் இருந்தால், இஜிஎஃப்ஆர் 90க்கு மேல் இருந்தாலும், முடிச்சு வரை பாதிப்பு போயிருக்க வாய்ப்புண்டு. காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றின்போதும் தற்காலிகமாகக் கூடும் என்பதால் 3 மாதங்களுக்குள் மறுபடி பார்த்து உறுதி செய்வார்கள். சாதாரணச் சிறுநீர்ப் பட்டைப் பரிசோதனையில் இந்தச் சிறு கசிவு தப்பிவிடும். ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் என்று சொல்லியே கேட்க வேண்டும்.

கர்ப்ப காலத்தில் அழுத்தம் கூடுவது வேறு விஷயம். அதில் காத்திருக்கவே கூடாது, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

## மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்குமா?

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற மாத்திரைகளைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் கொஞ்சம் கூடலாம். அறிக்கையைப் பார்த்தவர் மாத்திரைதான் கெடுத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்.

துளைக்குழாய்க்குத் திரும்புவோம். ஆஞ்சியோடென்சின் பின் திருகை இறுக்குகிறது. இந்த மாத்திரைகள் ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுத்துப் பின் திருகைத் தளர்த்துகின்றன. முடிச்சுக்குள் அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் இறங்கினால் வடிகட்டலும் கொஞ்சம் குறையும். கிரியேட்டினின் சற்றுக் கூடும். சேதம் குறைவதற்கான விலை அது. 30 சதவீதம் வரை கூடி அங்கேயே நின்றால் பொதுவாக மாத்திரையைத் தொடர்வார்கள். அதற்கு மேல் போனால் சிறுநீரகத் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்பது போன்ற வேறு காரணங்களைத் தேடுவார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் கூடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்வார்கள். சிறுநீரில் ஆல்புமின் போகிறவர்களுக்கு இந்த வகை மாத்திரைகளை முதலில் தேர்ந்தெடுப்பது இதனால்தான். கர்ப்பிணிகளுக்கு இவை கூடாது.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. 2015இல் வெளியான ஸ்பிரின்ட் ஆய்வில் சர்க்கரை நோய் இல்லாத 9,361 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மேல் எண்ணை 120க்குக் கீழும் மற்றவர்களுக்கு 140க்குக் கீழும் வைக்க முயன்றார்கள். 120 பிரிவில் இதய பாதிப்புகளும் மரணங்களும் குறைந்தன. ஆனால் சிறுநீரகத்துக்குத் தனியாக நன்மை தெரியவில்லை. முன்பு நல்ல சிறுநீரகம் இருந்தவர்களில் இஜிஎஃப்ஆர் இறங்கியது 120 பிரிவில்தான் அதிகம். இதயத்துக்கு எது நல்லது, சிறுநீரகம் எவ்வளவு தாங்கும் என்று இரண்டையும் எடைபோட்டுத்தான் இலக்கு வைக்க முடியும். 130-139 பகுதியில் வேறு நோய் இல்லாத பலருக்கு மாத்திரையே தேவைப்படாமலும் போகலாம்.

## உப்பும் வலிமாத்திரையும்

மாத்திரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் உப்பைக் குறைப்பது நேரடியாக வேலை செய்யும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. எடையைக் குறைப்பதும் நடப்பதும் புகையை விடுவதும் தெரிந்தவைதான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் கழுவப்பட்டுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

அதிகம் பேசப்படாத ஒன்று வலிமாத்திரை. முன் திருகைத் திறந்து வைக்க உதவும் சில பொருட்களைச் சிறுநீரகமே சுரக்கிறது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலிமாத்திரைகள் அவற்றைத் தடுத்துவிடுகின்றன. முன் திருகு குறுகும். உப்பும் தேங்கி அழுத்தம் ஏறும். என்றாவது ஒரு நாள் எடுப்பது பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை ஆவதில்லை. மூட்டுவலிக்காக மாதக்கணக்கில் எடுப்பதுதான் ஆபத்து. அதிலும் பின் திருகைத் தளர்த்தும் பி.பி. மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர் இதையும் சேர்த்தால், முன்பக்கம் அடைத்து, பின்பக்கம் திறந்து, வரும் நீரும் குறைந்து, வடிகட்டல் சட்டென்று விழுந்துவிடலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உடலில் நீர் வற்றிய நாட்களில் இந்த ஆபத்து இன்னும் கூடும். அந்த நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது, வலிக்கு எதை எடுப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வலிமாத்திரை வாங்கும்போது என்னென்ன பி.பி. மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.